நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் வேதி உணரிகள்: நச்சு உலோக அயனிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்சனிக் ஆகியவை தண்ணீரில் கரைந்திருந்தால் அதைப் பார்த்தோ முகர்ந்தோ சுவைத்தோ கண்டுபிடிக்க முடியாது. ஒரு சொட்டு வேதிப்பொருளையோ ஒரு காகிதப் பட்டையையோ வைத்து நிறத்தைப் பார்த்தே அவற்றைக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் நிறமாற்ற உணரிகள் தரும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கே பலிக்கும், எங்கே காலை வாரிவிடும் என்பதைச் சோதனைப் பட்டை பயன்படுத்துபவர்களும் வேதியியல் மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நிறமாற்ற வேதி உணரி என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட அயனியைப் பிடித்துக்கொண்டதும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும் மூலக்கூறு. அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று அயனியைப் பிடிக்கும் பகுதி; நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் போன்ற அணுக்கள் தம் எலக்ட்ரான் இணைகளை நீட்டிக்கொண்டு அங்கே காத்திருக்கும். மற்றொன்று நிறம் தரும் பகுதி. இரண்டும் ஒரே எலக்ட்ரான் அமைப்பாகப் பிணைந்திருப்பதால், பிடிக்கும் பகுதியில் நடப்பது நிறம் தரும் பகுதியில் தெரிகிறது. மின்சாரமோ கருவியோ தேவையில்லை, கண் போதும்.

அயனி வந்து சேர்ந்தால் நிறம் ஏன் மாற வேண்டும்?

பொருளின் நிறம் என்பது அது உறிஞ்சியது போக மிச்சமுள்ள ஒளி. பச்சை ஒளியை உறிஞ்சினால் இளஞ்சிவப்பாகத் தெரியும். நீல ஒளியை உறிஞ்சினால் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தெரியும். எந்த ஒளியை உறிஞ்சும் என்பது மூலக்கூறில் எலக்ட்ரான் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தாவ எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதைப் பொறுத்தது. நேர்மின் சுமையுள்ள அயனி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் எலக்ட்ரான்கள் அதன் பக்கம் இழுபடும், தாவலுக்கான ஆற்றல் கூடும் அல்லது குறையும், நிறம் நகரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாமிரமும் நிக்கலும் தமக்கென நிறம் உடையவை, ஏனெனில் அவற்றின் அயனிகளில் டி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் தங்கும் இடங்களில் ஒரு வகை) முழுமையாக நிரம்பவில்லை. பாதரசம், காட்மியம், ஈயம் ஆகியவற்றின் அயனிகளில் டி ஆர்பிட்டால்கள் நிரம்பிவிட்டன. அதனால்தான் அவை தண்ணீரில் நிறமே காட்டுவதில்லை. உணரியில் தெரியும் நிறம் பெரும்பாலும் சாயத்தின் நிறம்தான். உலோகம் அந்த நிறத்தை நகர்த்துகிறது, அவ்வளவே.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ரோடமைன் சாயத்தை ஒரு மூடிய வளையமாக மாற்றிவிட்டால் அது நிறமற்றுப் போகும். உலோக அயனி வந்து வளையத்தைத் திறந்தால் பளிச்சென்ற இளஞ்சிவப்பு வந்துவிடும். 1997-இல் டுஜோல்ஸ், ஃபோர்டு, சார்னிக் ஆகியோர் ரோடமைன் ஹைட்ரசைடை வைத்துத் தாமிரத்தை இப்படிக் கண்டறிந்து காட்டினார்கள். அதன் பிறகு பாதரசம், இரும்பு, குரோமியம் என்று ஏராளமான உணரிகள் இதே வளையத்தை வைத்துப் பிறந்தன. ஒன்றுமில்லாத இடத்தில் நிறம் தோன்றுவது, இருக்கும் நிறம் லேசாக மாறுவதைவிடக் கண்ணுக்கு எளிதில் பிடிபடும். உணரி வடிவமைப்பவர்கள் இந்த வளையத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி, தாமிரப் பச்சையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க மாசிக்காய்ச் சாற்றில் ஊறிய பாப்பிரஸ் தாளைப் பயன்படுத்துவது பற்றி எழுதியிருக்கிறார். இரும்பு இருந்தால் தாள் கருக்கும். 1905-இல் சுகாயேவ், நிக்கலுக்கு டைமெத்தில்கிளையாக்சைமைக் கொண்டுவந்தார். அது தரும் செக்கச்சிவந்த வீழ்படிவைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உலோகங்களுடன் சேர்ந்து நிறம் மாறும் டைத்தைசோன் 1925 முதல் உலோகப் பகுப்பாய்வில் இருக்கிறது. குறிப்பிட்ட அயனிக்கென்று மூலக்கூறைத் திட்டமிட்டுக் கட்டலாம் என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது 1967-இல் பெடர்சன் வெளியிட்ட கிரவுன் ஈதர்கள், அதாவது நடுவில் அயனியைப் பிடித்துக்கொள்ளும் வளைய மூலக்கூறுகள். அவரும் கிராம், லென் ஆகியோரும் 1987-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எந்த உலோகத்துக்கு எந்த நிறம்?

உலோகத்துக்கென்று நிரந்தர நிறம் கிடையாது; உலோகமும் வினைப்பொருளும் சேர்ந்த ஜோடிக்குத்தான் நிறம். பச்சை நிற டைத்தைசோன் கரைசல் ஈயத்துடன் சேர்ந்தால் செர்ரிச் சிவப்பாகும், பாதரசத்துடன் ஆரஞ்சாகும். சோடியம் ரோடிசோனேட், அமிலத்தன்மையுள்ள கரைசலில் ஈயத்தைப் பார்த்தால் சிவக்கும்; சுவர் வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கிறதா என்று தேய்த்துப் பார்ப்பதும், துப்பாக்கிச் சூட்டுத் தடயம் தேடுவதும் இதை வைத்துத்தான். பேரியமும் இதனுடன் நிறம் தரும் என்பதால், அடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவார்கள். ஈயமாக இருந்தால் சிவப்பு நீல ஊதாவாக மாறும்.

குரோமியச் சோதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஒரு நல்ல நிறச் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அது உதாரணம். மாதிரித் தண்ணீரில் அமிலம் சேர்த்து பி.எச். அளவை 1-க்கு அருகில் கொண்டுவருகிறோம். அசிட்டோனில் கரைத்த டைஃபினைல்கார்பசைடு விடுகிறோம். ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருந்தால் செவ்வூதா நிறம் முழுமையாக எழும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், கார்பசைடை ஆக்சிஜனேற்றம் செய்து, தான் மூன்று இணைதிறனுக்கு இறங்கி, உருவான பொருளுடனேயே அணைவாக (உலோகமும் அதைப் பிடித்த மூலக்கூறும் சேர்ந்த பொருளாக) சேர்கிறது. அதாவது இந்தச் சோதனை உலோகத்தை மட்டுமல்ல, அதன் ஆக்சிஜனேற்ற நிலையையும் பிரித்துச் சொல்கிறது. அதிக நச்சுத்தன்மை உள்ளது ஆறு இணைதிறன் குரோமியம். மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு இது நிறம் தராது. வினைக் கரைசலே பழுப்பேறியிருந்தால் தயங்காமல் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் மஞ்சள் கலந்து குழப்பும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இத்தனை அயனிகள் தண்ணீரில் இருக்க, ஒன்றை மட்டும் எப்படிப் பிடிக்கிறது?

முழுக்க முழுக்க ஒன்றை மட்டும் பிடிக்கும் உணரி அரிது. பெரும்பாலானவை ஒன்றை மற்றவற்றைவிட அதிகம் விரும்புகின்றன, அவ்வளவுதான். அந்த விருப்பத்துக்குப் பியர்சன் 1963-இல் சொன்ன விதி நல்ல வழிகாட்டி. பாதரசம், காட்மியம் போன்ற 'மென்மையான' அயனிகள் கந்தகத்தை நாடும். அலுமினியம், மூன்று இணைதிறன் இரும்பு போன்ற 'கடினமான' அயனிகள் ஆக்சிஜனை நாடும். ஈயமும் தாமிரமும் நடுவில் நிற்கும். பாதரச உணரிகளின் அமைப்பை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் எங்காவது ஒரு கந்தகம் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

பெரிய தொல்லை தாமிரம். இரு இணைதிறன் இடைநிலை உலோகங்களில் தாமிரம்தான் அதிக உறுதியான அணைவுகளைத் தரும் என்று இர்விங்–வில்லியம்ஸ் வரிசை சொல்கிறது. நைட்ரஜன் உள்ள எந்த ஈனியை (உலோக அயனியைப் பிடிக்கும் மூலக்கூறை) கட்டினாலும் தாமிரம் முந்திக்கொண்டு வந்து நிற்கும். அதைச் சமாளிக்க மறைப்பான்கள் சேர்ப்பார்கள். அவை தொல்லை தரும் அயனியைப் பிடித்து ஒதுக்கி வைத்துவிடும். பழைய டைத்தைசோன் முறையில் அதற்குச் சயனைடு சேர்த்தார்கள். ஈயத்தைக் கண்டுபிடிக்கச் சயனைடைக் கையாள வேண்டியிருந்தது என்பதே, பாதுகாப்பான உணரிகளைத் தேடுவதற்குப் போதுமான காரணம்.

நிறம் மாறவில்லை. தண்ணீரைக் குடிக்கலாமா?

முடிவு செய்ய முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிநீரில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஈயத்தின் அணு எடை 207. எனவே அது லிட்டருக்கு ஏறத்தாழ 0.048 மைக்ரோமோல். மிக வலுவான சாயம் என்று சொல்லத்தக்க ஒன்றின் மோலார் உட்கவர்திறன் (ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சும் என்பதன் அளவு) சுமார் 1,00,000. எல்லா ஈய அயனிகளும் சாயத்துடன் சேர்ந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். 1 சென்டிமீட்டர் அகலக் குப்பியில் பார்த்தால் உட்கவர்தல் 0.0048 வரும். அதாவது உள்ளே போகும் ஒளியில் சுமார் 1 சதவீதம்தான் குறைகிறது. ஒரு குப்பியைத் தூக்கிப் பார்த்து அதை நிறமாற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆக, வரம்பைப்போல் ஐந்து மடங்கு ஈயம் இருந்தாலும் சாதாரணக் குப்பியில் கண் ஏமாறலாம். இது சாயத்தின் குறை அல்ல, தயாரித்தவர் செய்த தவறும் அல்ல. ஒளியும் அளவும் சேர்ந்து போட்ட எல்லை. பாதரசத்துக்கு வழிகாட்டு அளவு 6 மைக்ரோகிராம், காட்மியத்துக்கு 3. அங்கே நிலைமை இன்னும் கடினம். குரோமியத்துக்கு 50 மைக்ரோகிராம் என்பதால் கண் ஓரளவு கிட்ட வருகிறது. தாமிரத்துக்கு 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். அங்கே நிறச் சோதனை தாராளமாகப் போதும்.

நிறம் மாறினால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், மாறாவிட்டால் நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் என்றால் இதில் சமரசமே வேண்டாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான இரத்த அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. அணு உட்கவர் நிறமாலைமானியோ தூண்டல் பிளாஸ்மா நிறைமாலைமானியோ உள்ள ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

சரி, இந்த எல்லையைத் தாண்ட வழியே இல்லையா?

இருக்கிறது. எளிமையானது, ஒளி கடக்கும் தூரத்தைக் கூட்டுவது. நெஸ்லர் குழாய் என்னும் உயரமான கண்ணாடிக் குழாயில் கரைசலை 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி, வெள்ளைத் தாள்மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். மேலே போட்ட அதே கணக்கில் உட்கவர்தல் 0.12 ஆகிவிடும். ஒளியில் கால்வாசி குறையும். பக்கத்தில் ஈயமில்லாத தண்ணீர்க் குழாயும் இருந்தால் வித்தியாசம் தெரியும்.

இதைவிட நல்ல வழி செறிவாக்கம். சாயம் ஏற்றிய 1 சதுர சென்டிமீட்டர் சவ்வு வழியாக 100 மில்லி தண்ணீரை மெதுவாகச் செலுத்தினால், அயனிகள் எல்லாம் அந்தச் சின்னப் பரப்பில் சிக்கிக்கொள்ளும். ஒரு மீட்டர் உயரக் குழாய்க்குள் பார்ப்பதற்கு அது சமம். தண்ணீரில் தோய்த்து எடுக்கும் பட்டைக்கும், தண்ணீரை உள்ளே ஓடவிடும் பட்டைக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருக்கிறது. வாங்குபவர்கள் இதைக் கேட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

மூன்றாவது, தங்க நானோ துகள்கள். 13 நானோமீட்டர் தங்கத் துகள்கள் கரைசலில் தனித்தனியாக மிதக்கும்போது ஒயின் சிவப்பு. ஒன்றோடொன்று நெருங்கினால் ஊதா, பிறகு நீலம். ஒரு துகளின் உட்கவர்திறன் சாதாரணச் சாய மூலக்கூறைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். டி.என்.ஏ.வின் தைமின்கள் இரண்டு, பாதரச அயனியை நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்ளும் இயல்பைப் பயன்படுத்தி, 2007-இல் மிர்கின் குழுவினர் பாதரசத்தை 100 நானோமோலார் வரை கண்டறிந்தார்கள். அது லிட்டருக்கு 20 மைக்ரோகிராம், வழிகாட்டு அளவைவிட இன்னும் மூன்று மடங்கு அதிகம். அதற்கு முன்பே 2003-இல் லியுவும் லூவும், ஈயம் இருந்தால் மட்டும் வெட்டுப்படும் டி.என்.ஏ. நொதியைத் தங்கத் துகள்களுடன் இணைத்தார்கள். ஈயம் இல்லாவிட்டால் துகள்கள் கூடி நீலமாகும். இருந்தால் இணைப்பு அறுந்து சிவப்பாகவே நிற்கும்.

ஆனால் தங்கத் துகளுக்கு ஒரு பலவீனம். வெறும் உப்பு அதிகமானாலே அவை கூடி நீலமாகிவிடும். கடல்நீரிலோ உவர்நீரிலோ இந்த உணரி நச்சு உலோகம் இருப்பதாகச் சொன்னால், முதலில் உப்பைச் சந்தேகியுங்கள்.

ஆர்சனிக்குக்கு மட்டும் ஏன் தனிப் பெட்டி, பாட்டில், பொடி எல்லாம்?

ஆர்சனிக் தண்ணீரில் நேர்மின் அயனியாக இருப்பதில்லை. ஆக்சிஜனுடன் சேர்ந்து ஆர்சனைட், ஆர்சனேட் வடிவில் இருக்கிறது. வழக்கமான ஈனிகள் அதைப் பிடிக்காது. எனவே குட்சைட் முறையில், துத்தநாகமும் அமிலமும் தரும் ஹைட்ரஜனால் அதை ஆர்சீன் வாயுவாக மாற்றி, பாட்டிலின் வாயில் வைத்த மெர்குரிக் புரோமைடு தாளில் படவிடுகிறார்கள். தாள் மஞ்சளாகும், அளவு கூடினால் பழுப்பாகும். தண்ணீரில் சல்பைடு இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் தாளைக் கறுக்கவைக்கும் என்பதால் இடையில் லெட் அசிட்டேட் பஞ்சு வைப்பார்கள். அதை வைக்க மறந்தால் முடிவை நம்பாதீர்கள். ஆர்சீன் கடும் நச்சு வாயு. காற்றோட்டமான இடத்தில், மூடியை இடையில் திறக்காமல் செய்ய வேண்டும்.

ஒருமுறை நிறம் மாறிய உணரியை மறுபடி பயன்படுத்தலாமா?

அயனியைப் பிடித்து விடக்கூடிய வகை என்றால், இ.டி.டி.ஏ. போன்ற வலுவான ஈனியால் அயனியை உருவி எடுத்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். சிலவற்றில் உலோகம் மூலக்கூறையே உடைத்து வேறொன்றாக மாற்றிவிடும். பாதரசம் கந்தகத்தைப் பிய்த்துக்கொண்டு போகும் வகை இதற்கு உதாரணம். அவை ஒருமுறைக்குத்தான். ஒருமுறை வகையை மட்டமாக நினைக்க வேண்டாம். குறிப்பிட்ட உலோகத்தால் மட்டுமே நடக்கும் வினை என்பதால், ஏமாறும் வாய்ப்பு அதில் பெரும்பாலும் குறைவு.

ஆய்வுக் கட்டுரைகளில் நானோமோலார் எல்லை என்று போடுகிறார்களே, பிறகு ஏன் கடைப் பட்டையில் அது வருவதில்லை?

கட்டுரையில் வரும் கண்டறிதல் எல்லை பெரும்பாலும் வெற்றுக் கரைசலின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கி, அளவீட்டுக் கோட்டின் சாய்வால் வகுத்த எண். அது நிறமாலைமானியின் எல்லை, கண்ணின் எல்லை அல்ல. கண்ணால் பார்த்த எல்லையைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

அப்புறம் கரைப்பானைப் பாருங்கள். அசிட்டோநைட்ரைலில் அழகாக வேலை செய்யும் எத்தனையோ மூலக்கூறுகள் தண்ணீரில் அடங்கிப் போகும். அயனியைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்பதால், அந்தச் சுற்றைக் கலைத்து உள்ளே நுழைய ஈனிக்கு வலு வேண்டும். பல மூலக்கூறுகளுக்குத் தண்ணீரில் கரையும் தன்மையே இருக்காது. நூற்றுக்கணக்கான உணரிகள் வெளியாகியும் பயன்பாட்டுக்கு வந்தவை கொஞ்சமே என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. மாணவர்கள் புது மூலக்கூறு செய்வதற்கு முன், பழைய நல்ல மூலக்கூறு ஒன்றைத் தண்ணீரில் வேலை செய்யவைக்கப் பார்த்தால் அதுவும் பெரிய ஆய்வுதான்.

கைபேசிக் கேமராவால் அளவிட முடியுமா?

முடியும், கண்ணைவிட ஒழுங்காகவே அளக்கும். ஆனால் கேமரா தானாகவே வெள்ளைச் சமநிலையைத் திருத்திக்கொள்ளும். நீங்கள் தேடும் அந்த லேசான இளஞ்சிவப்பை 'சரிசெய்து' அழித்துவிடும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். வெளி ஒளி படாத பெட்டிக்குள், ஒரே விளக்கில், வெள்ளைத் தாளையும் அளவு தெரிந்த கரைசல்களையும் மாதிரியோடு சேர்த்து ஒரே படத்தில் எடுங்கள். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கு இது பெரிய உதவி. சிவப்பு, பச்சையை நம்பும் சோதனை அட்டைகள் அவர்களைக் கைவிட்டுவிடுகின்றன.

முடிவு தப்பாக வருவதற்குப் பொதுவான காரணங்கள்?

முதலாவது பி.எச். அமிலம் கூடினால் ஹைட்ரஜன் அயனிகளே ஈனியை அடைத்துக்கொள்ளும். காரம் கூடினால் உலோகம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். ரோடமைன் வளையமோ, அமிலம் போதுமான அளவு இருந்தால் உலோகமே இல்லாமல் திறந்து இளஞ்சிவப்பைக் காட்டிவிடும். பி.எச். மாறாமல் பிடித்து வைக்கும் தாங்கல் கரைசலைச் சேர்க்காமல் சோதனை செய்யாதீர்கள்.

இரண்டாவது, கரையாத ஈயம். குழாயிலிருந்து உதிரும் நுண்துகள்களில் உள்ள ஈயம் அயனியாக இல்லாததால் உணரிக்குத் தெரியாது. வயிற்றுக்குள் போனால் அங்குள்ள அமிலம் கரைத்துவிடும். நைட்ரிக் அமிலம் சேர்த்துக் கரைத்து, பிறகு பி.எச். சரிசெய்துதான் பார்க்க வேண்டும்.

கிருமி நீக்கத்துக்குச் சேர்த்த குளோரின் சில சாயங்களை வெளுத்துவிடும். எதுவானாலும், உலோகமில்லாத தூய தண்ணீரில் ஒன்று, உலோகம் வேண்டுமென்றே சேர்த்ததில் ஒன்று என இரண்டு ஒப்பீடுகள் பக்கத்தில் இருக்கட்டும். சேர்த்ததிலும் நிறம் வரவில்லை என்றால் உங்கள் தண்ணீரில் ஏதோ தடுக்கிறது என்று பொருள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் உலோகம் போய்விடுமா?

போகாது. தண்ணீர் ஆவியாகும் அளவுக்கு மிச்சத்தில் செறிவு கூடும்.

மீனில் உள்ள பாதரசத்தை இதே பட்டையால் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. மீனில் சேர்வது பெரும்பாலும் மெத்தில் பாதரசம். 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிச்சத்துக்கு வந்த பேரழிவுக்குக் காரணமான அதே வடிவம். பல பாதரச உணரிகள் தனி அயனிக்கென்று கட்டப்பட்டவை. அதுவும் சதைக்குள் புரதத்தின் கந்தகத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் பாதரசம் பட்டைக்கு எட்டவே எட்டாது. மாதிரியை அமிலத்தில் செரித்து ஆய்வகத்தில்தான் அளக்க வேண்டும்.

பயன்படுத்திய பட்டையையும் கரைசலையும் என்ன செய்வது?

தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆர்சனிக் சோதனைத் தாளில் பாதரசமே இருக்கிறது. டைத்தைசோன் முறையில் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான் இருக்கிறது. ஒப்பீட்டுக்காக நீங்கள் கலந்த ஈயக் கரைசல், சோதித்த தண்ணீரைவிடப் பல மடங்கு நச்சு. எல்லாவற்றையும் மூடியிட்ட, உள்ளே இருப்பது என்னவென்று எழுதி ஒட்டிய குடுவைகளில் சேர்த்து, அபாயகரக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். அமிலக் கழிவையும் சயனைடு உள்ள கழிவையும் எக்காரணம் கொண்டும் ஒரே குடுவையில் ஊற்றக் கூடாது. ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும்.